ஏரம்பு ஞாபகார்த்தக் கிண்ணம்

அறுபத்தாறாம் ஆண்டு வட்டக்கச்சிச் சந்தியில், ஹலீம் காக்காவின் தேத்தண்ணிக் கடையில், ஒரு கேள்வி பிறந்தது. வெளியூர்க்காரர் யாராவது வந்து வாங்கில் குந்தினால் போதும், கடையில் இருக்கிற ஒருவர் அதைத் தூக்கிப் போடுவார்.

"எங்கட ஊரில ஒரு உதைபந்துக் கிண்ணம் இருக்கு. அதில பேர் உள்ள ஆள் பிறந்ததிலயிருந்து ஒருக்காலும் பந்தை உதைச்சதில்லை. ஆர் அந்த ஆள், சொல்லும் பாப்பம்."

வந்தவர் முழிப்பார். முழிக்காமல் என்ன செய்வது? அந்தக் காலத்தில் வன்னியில் இருந்த கிண்ணங்கள் முக்கால்வாசியும் பந்தை உதைக்காதவர்களின் பெயரில்தான் இருந்தன. பரந்தன் பக்கம் ஒரு கிண்ணம் அரிசி ஆலை முதலாளி ஒருவருடைய தகப்பனின் பெயரில் இருந்தது. அந்த மனிதர் கதிரையை விட்டு எழும்புவதற்கே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். உடையார்கட்டுப் பக்கத்துக் கிண்ணம் ஓர் அப்போதிக்கரி வைத்தியரின் பெயரில். காலை முறித்துக்கொண்டு வருகிற விளையாட்டுக்காரர்களைக் கண்டால் எரிந்து விழுந்தவர் அவர். இன்னொன்று கோல் காப்பவன் ஒருவனின் தாயின் பெயரில். அந்த மனுசி மைதானம் எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட அறியாமல் கண்ணை மூடியவர். விளையாடினவனுக்குக் கைதட்டு, விளையாடாதவனுக்குக் கிண்ணம் என்பது எங்கள் பக்கத்து நியாயம். அதை யாரும் பிழையென்று சொன்னதில்லை.

வந்தவர் இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தோற்ற பிறகு, கடையில் இருக்கிறவர்கள் மூலையில் இருக்கிற ஒரு கறுத்த, மெலிந்த மனிதரைக் காட்டுவார்கள். "அந்தா, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறார் ஆள்!" கடை அதிரச் சிரிப்பு எழும்பும். ஏரம்பரும் கூடச் சிரிப்பார். அந்தக் கேள்வி ஒரு மாதம்போல உயிரோடு இருந்தது. சுற்றுப்போட்டியின் கடைசி ஆட்டம் நடந்த நாளோடு அதை யாரும் கேட்பதில்லை.

ஏரம்பர் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர். வந்த இரண்டாம் வருடமே அவருடைய மனைவி சிவனேஸ்வரியைக் காய்ச்சல் கொண்டுபோனது. மிஞ்சியது ஒரே மகன், சின்னராசா. மறுகலியாணம் பேசி வந்தவர்களை ஏரம்பர் படலையடியிலேயே திருப்பி அனுப்பினார். மகனுக்கு அவரே சோறு காய்ச்சினார், அவரே தலை வாரிவிட்டார், அவரே அடித்தார். சோறும் அடியும் ஒரே கையிலிருந்து வந்ததால் பிள்ளைக்கு எது எப்போது வரும் என்று தெரியாமல் போயிற்று. மற்றப்படி அவர் கெட்ட மனிதர் இல்லை. மூக்கு நுனியில் கோபம், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவு போதும், ஒரு வீட்டைக் கவிழ்க்க.

சின்னராசாவுக்குப் பந்துப் பைத்தியம். நித்திரையிலும் காலை உதறுவான். ஏரம்பருக்குப் பந்து என்ற சொல்லே ஆகாது. வயலில் நிற்க வேண்டிய கால் ஏன் தோலை உதைக்க வேண்டும் என்று கேட்பார். வீட்டில் இந்தச் சண்டை நாளாந்தம் நடந்தது.

ஒரு சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைந்து, வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துக் கொடுத்தார்கள். ஏரம்பரின் முறை வந்த பின்னேரம் அவர் காய்ச்சலில் கிடந்தார். மடையைத் திறந்து வரம்பில் காவல் நிற்கும்படி மகனை அனுப்பினார். சின்னராசா திறந்தான். நின்றும் பார்த்தான். அன்றைக்குக் கிளிநொச்சியிலிருந்து ஒரு குழு விளையாட வந்திருந்தது. மைதானத்துச் சத்தம் வாய்க்கால் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம்தானே என்று அவன் போய்விட்டான். கீழ் வயல்காரனுக்கு அந்தக் கொஞ்ச நேரம் தாராளமாகப் போதும். மடையை மறித்துத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பொழுதுபடப் போர்வையோடு எழும்பிப் போன ஏரம்பர் வெடித்துக் கிடந்த வயலைக் கண்டார். கதிர் வருகிற நேரத்துப் பயிர். அங்கிருந்து நேரே மைதானத்துக்கு நடந்தார். வந்திருந்த குழுவும், ஊரும், விளையாட்டுக் கழகத்துப் பெடியளும் பார்த்துக்கொண்டு நிற்க, உருண்டு வந்த பந்தை எடுத்து, மடியிலிருந்த வில்லுக்கத்தியால் ஒரே கீறாகக் கீறினார். பிறகு மகனைப் பிடித்து, கையில் அகப்பட்ட மூலைக் கொடிக் கம்பால் அடித்தார். பிடிக்க வந்தவர்களுக்கும் விழுந்தது. மீசை அரும்பிய பிள்ளை அவன். வலிக்கு அழவில்லை, அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நின்றதற்கு அழுதான்.

அடி நின்ற பிறகு அவன் நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தான்.

"உங்களுக்குக் கொள்ளி வைக்கத்தான் இனி நான் இந்த மண்ணை மிதிப்பன். அதுமட்டும் என்ர முகத்தில முழிக்கமாட்டியள்."

"போடா! கொள்ளி வைக்க நாயும் வரும்!" என்று ஏரம்பர் பதிலுக்குக் கத்தினார்.

அவன் சேறு காயாத காலோடு றோட்டில் ஏறினான். வீட்டுக்குப் போய் மாற்றுச் சட்டைகூட எடுக்கவில்லை.

கோபம் வருகிற வேகத்தில் போய்விடும் என்று ஏரம்பரைப் பற்றிச் சொல்வார்கள். போனதுதான். அது போன பிறகு வீட்டில் வேறு யாரும் இல்லை. இரவைக்குக் காய்ச்சிய சோறு இரண்டு பேருக்கானது. மிச்சத்தை நாய்க்குப் போடும்போது தான் சொன்ன சொல் ஞாபகம் வந்து, சட்டியோடு குசினி வாசலில் குந்திவிட்டார்.

கிழிந்த பந்து கழகத்துப் பந்து. ஏரம்பர் யாழ்ப்பாணம் போய்ப் புதுப் பந்து ஒன்று வாங்கிக்கொண்டு வந்து மைதானத்து ஓரத்தில் வைத்தார். பெடியள் அவர் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போய் விளையாடத் தொடங்கினார்கள். அவர் திரும்பிப் போகவில்லை. இருட்டும்வரை நின்றார். அடுத்த நாளும் வந்து நின்றார்.

அப்படி நிற்கத் தொடங்கிய மனிதர்தான். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது அவர் வேலையாயிற்று. வாய்க்காலில் விழுந்த பந்தை இறங்கி எடுப்பது அவர். வெளியூர் ஆட்டத்துக்கு முழுக் குழுவையும் தன் வண்டிலில் ஏற்றிக்கொண்டு போவது அவர். விளையாட்டின் சட்டம் எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. எதிர்க் குழு நல்லாக விளையாடினால் அது 'ஓவ் சைட்' என்பது அவருடைய நம்பிக்கை. மத்தியஸ்தர்கள் அவரைக் கண்டாலே தலையில் கைவைப்பார்கள். ஆனால் ஒருநாளும் பந்தைக் காலால் தொடமாட்டார். கையால் எடுத்து, வேட்டியில் துடைத்து, எறிவார். ஏன் என்று கேட்டால், "அது என்னை உதைச்சதே போதும்" என்பார். பெடியள் சிரிப்பார்கள். அவர்களுக்கு இப்போது அவர் கழகத்துச் சொத்து. பழைய கதையை நேரில் கண்ட பெடியள் கழகத்தில் ஒன்றிரண்டு பேர்தான் மிச்சம்.

அவர் ஏன் அங்கே நின்றார் என்பது ஹலீம் காக்காவுக்கு மட்டும் தெரியும். சின்னராசா எங்கே போனாலும் பந்தை விடமாட்டான். பந்து உருளுகிற இடத்தில் நின்றால் ஒருநாள் அவன் எதிரே வருவான். அவருடைய கணக்கு அவ்வளவுதான். ஹலீம் காக்காவின் மருமகன் மஸாஹிர் லொறி ஓடுகிறவன். அவன்தான் ஒருநாள் தகவல் கொண்டுவந்தான். சின்னராசா திருக்கோணமலைத் துறைமுகத்தில் வேலை, அங்கே ஒரு கழகத்துக்கு விளையாடுகிறான், சுகமாக இருக்கிறான் என்று. ஏரம்பர் அவனிடமே சொல்லி அனுப்பினார். "ஒருக்கா வந்திட்டுப் போகச் சொல்லு தம்பி. நான் ஒண்டும் கதைக்கமாட்டன், பாத்துக்கொண்டு மட்டும் இருப்பன்."

மறுமொழியும் மஸாஹிரோடுதான் வந்தது. சொல்லுவதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்று, கடைசியில் சொன்னான். "தான் சொன்னது சொன்னதுதானாம் அண்ணை."

பிடிவாதம் யாருடைய இரத்தம் என்று ஏரம்பருக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

அறுபத்தாறில் வளர்பிறை விளையாட்டுக் கழகம் தானும் ஒரு சுற்றுப்போட்டி வைப்பதென்று கூட்டம் போட்டது. கிண்ணத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்ற கதை வந்தபோது பின்னாலிருந்து ஒருவன், "ஏரம்பண்ணையின்ர பேரை வைப்பம்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். "எனக்கேன் உந்தக் கோதாரி!" என்று ஏரம்பர் கையை விசிறினார். ஆனால் முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூட்டம் முடிந்து வெளியே போய், வேப்பமரத்தடியில் நின்று மூக்கைச் சீறினார்.

நோட்டீசு எழுதியவர் கழகத்துச் செயலாளர் பரமலிங்கம். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர், அந்தச் சண்டைக்குப் பிறகு ஊருக்கு வந்தவர், நல்ல மனிதர். அவர் 'ஏரம்பு ஞாபகார்த்தக் கிண்ணம்' என்று எழுதினார். மனதில் ஒரு கள்ளமும் இல்லை. அவர் வாழ்நாளில் கண்ட கிண்ணம் எல்லாவற்றிலும் பெயருக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் அந்தச் சொல் இருந்தது. அது இல்லாமல் கிண்ணம் எழுதலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கூட்டத்தில் உரத்து வாசித்தபோதும் ஒருவருடைய காதிலும் அது இடறவில்லை. பெரிய கிண்ணத்துக்குரிய பெரிய சொல்லாகத்தான் கேட்டது.

"திருக்கோணமலைக்கும் அனுப்புவியளோ?" என்று ஏரம்பர் கேட்டார்.

"அவ்வளவு தூரத்தால ஆர் அண்ணை வரப்போகினம்?"

"வராட்டிலும் காரியமில்லை. அங்கத்தைக் கழகங்கள் எல்லாத்துக்கும் ஒவ்வொண்டு அனுப்பிவிடுங்கோ."

தான் பந்தைக் கிழித்ததைக் கண்ட மகன், தன் பெயரில் ஒரு பந்துக் கிண்ணம் இருப்பதையும் காணவேண்டும். மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வராது, தெரிந்த விடயம். நோட்டீசு கேட்கும் என்று நினைத்தார்.

அச்சடித்து, தபாலில் போட்டு, ஒரு கிழமை போன பிறகுதான் ஹலீம் காக்கா கடைச் சுவரில் நோட்டீசை ஒட்டினார். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று, எழுத்தெழுத்தாக வாசித்தவர், பசைக் கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏரம்பண்ணை, இஞ்சை வாங்கோ. இதில ஞாபகார்த்தம் எண்டெல்லோ கிடக்கு. அது மௌத்தான, செத்துப்போன ஆக்களுக்குப் போடுறதில்லையோ?"

கடையில் கிளம்பிய சிரிப்பில் கூரைக் கிடுகு பறக்காதது அதிசயம். பரமலிங்கத்தின் முகம் செத்துப்போயிற்று. "ஞாபகம் எண்டால் நினைக்கிறதுதானே காக்கா. உயிரோட இருக்கிற ஆளை நினைக்கக் கூடாதோ?" என்று சமாளித்தார். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் ஏரம்பர்தான். "நல்லதாப் போச்சு. எமன் வந்தால் நோட்டீசைக் காட்டி, உன்ர வேலை முடிஞ்சுது போ எண்டு திருப்பி அனுப்பலாம்!"

அந்தக் கேள்வி பிறந்தது அன்றைக்குத்தான்.

சனம் கலைந்த பிறகு ஹலீம் காக்கா மெதுவாக வந்து பக்கத்தில் இருந்தார்.

"அண்ணை, திருக்கோணமலைக்கும் போனதெல்லே?"

"ஓம்."

"தம்பி காணுவான். கண்டால் என்ன நினைப்பான்?"

ஏரம்பர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"மஸாஹிர் நாளைக்கு லொறி கொண்டு போறான். அப்பா உயிரோட இருக்கிறார், அச்சுப் பிழை எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுவம்."

ஏரம்பர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயர். பக்கத்தில் அந்தச் சொல். கொள்ளி வைக்கத்தான் வருவேன் என்றவன் சொன்ன சொல் தப்பாதவன். அப்படியென்றால், இதைக் கண்டால், வருவான். பதறிக்கொண்டு வருவான். வந்து பார்த்தால் அப்பன் உயிரோடு நிற்பான். அந்த நேரம் எந்தப் பிள்ளையின் மனம் இளகாது? அழுவான், திட்டுவான், திட்டட்டும். படலை திறந்து உள்ளே வந்தால் போதும்.

"வேண்டாம் காக்கா," என்றார். "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்."

ஹலீம் காக்காவுக்கு விளங்கிவிட்டது. "அண்ணை, உது விளையாட்டுக் காரியமில்லை."

"எனக்குத் தெரியும்."

தெரிந்துதான் செய்தார். ஒரே ஒரு சொல்லை லொறியில் ஏற்றி அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவரை அநியாயக்காரன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் அவர் செய்தது அநியாயம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஏரம்பர் ஒரு புது மனிதரானார். கூரையை மேய்ந்தார், கிணற்றடியைச் சீர்படுத்தினார், புதுப் பாய் வாங்கினார். மகனுக்குப் பிடித்த ஓட்டி மீனைக் கருவாடு போட்டு மண் முட்டியில் கட்டி வைத்தார். பஸ் வருகிற நேரமெல்லாம் சந்தியில் நிற்பார். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து, சனத்தை இறக்கிவிட்டு, போனது. முதல் சுற்று ஆட்டங்கள் முடிந்தன. அரையிறுதி முடிந்தது. அவன் வரவில்லை.

நோட்டீசை அவன் காணவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. பந்துக்காரன் பந்து நோட்டீசைக் காணாமல் இருப்பானா? கண்டிருப்பான். நான் செத்தேன் என்று அறிந்தும் வராமல் இருக்கிறான். கொள்ளி வைக்க வருவேன் என்று சொன்னதுகூடக் கோபத்தில் சொன்ன வெறும் பேச்சு. இந்த நினைப்பு வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஏழு வருடமும் அந்தச் சபதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் உயிரோடு இருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. உயிரோடு இருக்கையில் இல்லாவிட்டாலும் செத்த பிறகாவது அவன் வருவான், தலைமாட்டில் நிற்பான், அவன் கையால் நெருப்பு விழும். ஊரில் யாருக்கும் தெரியாமல் அவர் வைத்திருந்த ஆறுதல் அது.

கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கூத்துக் கொட்டகை மாதிரி ஒரு பந்தல், அதில் வீடு வீடாக இரவல் வாங்கிய கதிரைகள், வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கி. நடுக் கதிரையில் ஏரம்பரை இருத்தி, கழுத்தில் பூமாலை போட்டார்கள். எதிரே மேசையில் கிண்ணம். பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடக்கி வைக்க வேண்டியவரும் அவர்தான். வாழ்க்கையில் முதன்முதலாக ஏரம்பர் பந்தை உதைக்கப் போகிறார் என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொல்லி, சனத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது. ஏரம்பருக்குச் சிரிப்பு வரவில்லை. கண் றோட்டில் இருந்தது. ஒலிபெருக்கி பாட்டுக்கு மாறியிருந்த நேரம் பஸ் ஒன்று வந்து நின்றதைக் கண்டார். சனத்தின் தலைகள் மறைத்ததால் இறங்கியது யாரென்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் பந்தலின் பின்பக்கம், பரமலிங்கம் நின்ற இடத்தில், ஒரு குரல் கேட்டது.

"இது கழகத்துக்கு. அப்பான்ர ஞாபகமாக் குடுக்கிறன்."

"ஆர் தம்பி நீர்?"

"நான் ஏரம்புவின்ர மகன். திருக்கோணமலையில இருந்து வாறன்." குரல் தணிந்தது. "அண்ணை, ஒண்டு கேக்க வேணும். அப்பாவுக்கு ஆர் கொள்ளி வைச்சது?"

ஏரம்பர் கதிரையோடு திரும்பினார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

சின்னராசா நன்றாக உயர்ந்திருந்தான். தாயின் கண். கையில் கடுதாசி சுற்றிய புதுத் தோல்பந்து. தலை மொட்டை. மீசையும் இல்லை. மழித்த தலை வெயிலில் வெளிறித் தெரிந்தது. ஏரம்பர் முதலில் கண்டது அதைத்தான். அது என்ன என்று விளங்க அவருக்கு ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் மாலையைக் கழற்றப் பார்த்தார். அது காதில் சிக்கிக்கொண்டது.

"அப்பா?" என்றான் சின்னராசா.

அந்த ஒரு சொல்லில் ஏழு வருடமும் இல்லாமல் போயிற்று. பந்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டெட்டு முன்னுக்கு வந்தான். முகம் குழந்தைப் பிள்ளையின் முகமாயிற்று. "இருக்கிறீங்களோ? அப்பா, நீங்கள் இருக்கிறீங்களோ?" என்று கையை நீட்டி, தகப்பனின் தோளைத் தொட்டும் விட்டான். ஏரம்பர் கணக்குப் போட்டது சரிதான். பிள்ளையின் மனம் இளகியது. அவர் கேட்டதெல்லாம் அந்த நிமிடத்தில் அவருக்குக் கிடைத்தது.

பரமலிங்கம் நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு இடையில் வந்தார்.

"ஐயோ தம்பி, அது எங்கட பிழை! ஞாபகார்த்தம் எண்டு தெரியாமப் போட்டிட்டம். அப்பா கல்லுப் போல இருக்கிறார். நாங்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சனாங்கள். அப்பாதான் பெரிசாச் சிரிச்சவர். திருக்கோணமலைக்கும் அனுப்பச் சொல்லி நிண்டவரும் அவர்தான்!"

சின்னராசாவும் சிரிக்கத் தொடங்கினான். கண்ணீரோடு சிரிப்பு பாதி வந்தது. பிறகு நின்றது. தோளிலிருந்த கையை எடுத்தான்.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமோ, இப்பிடிப் போட்டு எனக்கு வந்தது?"

பொய் சொல்லியிருக்கலாம். இல்லை என்று ஒரு சொல். யாரும் மறுத்திருக்கமாட்டார்கள். ஆனால் ஏரம்பர் கோபக்காரரே தவிரப் பொய்க்காரர் இல்லை. மகனிடம் இனி ஒன்றையும் மறைக்கக் கூடாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் ராசா," என்றார். "சொல்லி அனுப்பினால் நீ வரமாட்டாய் எண்டுதான்... செத்தாத்தானே வருவன் எண்டு சொன்னனீ..."

சின்னராசா தன் மொட்டைத் தலையைத் தடவினான். பேசும்போது சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஏரம்பர் தாங்கியிருப்பார்.

"ஞாபகார்த்தம் எண்டு கண்டனான். செத்து ஒரு வருசமாவது இருக்கும், ஒருத்தரும் எனக்கு அறிவிக்கேல்லை எண்டு நினைச்சன். ஒருத்தருக்கும் அறிவிக்க மனம் வராத மாதிரி நடந்தது நான்தானே எண்டும் நினைச்சன். கன்னியா வெந்நீர்க் கிணத்தடிக்குப் போய் ஐயரைப் பிடிச்சு, தலையை மழிச்சு, அந்திரட்டிக் கிரியை செய்தனான் அப்பா. பிண்டத்தைக் கையில வைச்சுக்கொண்டு உங்களைக் கூப்பிட்டனான். பிழை என்னிலதான், தண்ணியை விட்டிட்டுப் போனது நான்தான் எண்டு சொன்னனான். சனம் பாத்துக்கொண்டு நிக்க அழுதனான்." அவன் மைதானத்தைக் கையால் காட்டினான். "அண்டைக்கும் சனத்துக்கு முன்னாலதான் அழ வைச்சனீங்கள். இப்ப திரும்பவும்."

"ராசா, நான் இதை நினைக்கேல்லை. சத்தியமா நினைக்கேல்லை. வீட்டை வா. வந்து ஒரு வாய் சோறு தின்."

"செத்த அப்பாவோட எனக்கு ஒரு கோபமும் இல்லை. எல்லாம் கதைச்சுத் தீத்திட்டன்." அவன் தகப்பனை ஏற இறங்கப் பார்த்தான், மாலையோடு. "கொள்ளிக்கு வாறன் எண்டு சொன்னனான். செய்ய வேண்டியதெல்லாம் செய்து, சொன்னபடி வந்தும் போட்டன். ஒராளுக்கு ரெண்டுதரம் செய்யிறேல்லை அப்பா."

திரும்பி நடந்தான். ஏரம்பர் கூப்பிட்டார். சரியாக அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி, "இப்பொழுது ஏரம்பண்ணை அவர்கள் பந்தை உதைத்து ஆட்டத்தை ஆரம்பித்து வைப்பார்" என்று முழங்கியது. சனம் கைதட்டியது. பந்தலுக்குப் பின்னால் நடந்தது சனத்துக்குத் தெரியாது.

ஏரம்பர் கீழே கிடந்த புதுப் பந்தை எடுத்தார். எடுத்துக்கொண்டு நடுமைதானத்துக்குப் போகாமல் றோட்டுக்கு ஓடினார். மாலை ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. அவர் விளையாட்டுக் காட்டுகிறார் என்று சனம் நினைத்து விசிலடித்தது. "கையில பந்து! கையில பந்து!" என்று ஒருவன் கத்தினான். சந்தியில் ஹலீம் காக்கா நடு றோட்டில் கையை நீட்டி பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றார். சாரதி அவரைத் திட்டி, சுற்றி எடுத்துக்கொண்டு போனான். பின் சீட்டில் ஒரு மொட்டைத் தலை தெரிந்தது. அது திரும்பவில்லை.

ஏரம்பர் பந்தை மார்போடு அணைத்தபடி புழுதியில் நின்றார். அழுகை வரவில்லை. மனிதர் ஒரேயொரு கணக்கைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் உயிரோடு இருக்கும்போது வரமாட்டான், செத்தால் வருவான் என்று ஒன்று இருந்தது. அந்த ஒரு வரவையும் தானே அழைத்து, தானே தீர்த்துவிட்டார். இனிச் செத்தாலும் அவன் வரமாட்டான்.

"வாங்கோ அண்ணை," என்று ஹலீம் காக்கா கையைப் பிடித்தார். "கடையில இருங்கோ. நான் மஸாஹிரை அனுப்பிக் கதைக்கிறன்."

"வேண்டாம் காக்கா. அண்டைக்கு அனுப்பியிருக்க வேணும்."

இரண்டு குழுவும் காத்துக்கொண்டு நின்றன. ஏரம்பர் திரும்பி நடந்து வந்து, குனிந்து, பந்தை நடுப்புள்ளியில் வைத்தார். சனம் உதை, உதை என்று ஆர்ப்பரித்தது. அவர் உதைக்கவில்லை. வேட்டித் தலைப்பால் பந்தை ஒருமுறை துடைத்துவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தார். ஆட்டம் நடந்தது. யாரோ வென்றார்கள். கிண்ணத்தை எடுத்து அவர்தான் கொடுத்தார். பிடித்த கையை விடவேண்டும் என்று பரமலிங்கம்தான் காதுக்குள் சொல்ல வேண்டியிருந்தது.

கன்னியாவில் நடந்தது பிறகு ஊருக்குத் தெரிந்தது. பரமலிங்கம் மாதக்கணக்கில் ஏரம்பரின் கண்ணில் படாமல் சுற்றுவழியால் சங்கக்கடைக்குப் போனார். மஸாஹிர் இரண்டு தரம் போய்க் கதைத்துப் பார்த்தான். முதல்தரம் சின்னராசா தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து வேறு கதை கதைத்தான். இரண்டாம் தரம் அவன் கப்பலேறிப் போய்விட்டதாகத் துறைமுகத்தில் சொன்னார்கள். எந்தக் கப்பல், எந்த நாடு என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

ஏரம்பர் மைதானத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. கோடு போட்டார், பந்து எடுத்துக் கொடுத்தார். 'ஓவ் சைட்' என்று கத்துவது மட்டும் நின்றுபோயிற்று. சின்னராசா கொண்டுவந்த பந்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் கேட்கவில்லை. "அது செத்த ஆளின்ர ஞாபகமாக் கழகத்துக்குக் குடுத்தது. நான் எடுக்கேலாது" என்றார். பெடியள் அதை உதைத்து உதைத்துத் தோல் பிரிந்து போயிற்று.

அடுத்த வருடம் சுற்றுப்போட்டிக் கூட்டத்தில் பரமலிங்கம் எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு நோட்டீசை வாசித்தார். 'ஏரம்பு கிண்ணம்' என்று மட்டும் இருந்தது. எல்லோரும் ஏரம்பரைப் பார்த்தார்கள். அவர் கையை நீட்டிக் கடுதாசியை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இதில ஒரு சொல் குறையுது," என்றார்.

"அண்ணை, அது எங்கட பிழையெண்டு..."

"ஒரு பிழையுமில்லை." ஏரம்பர் கடுதாசியைத் திருப்பிக் கொடுத்தார். "மகன் அந்திரட்டி செய்து முடிச்ச ஆள் நான். போன முறை போட்டது மாதிரியே போடுங்கோ."